சாஸ்ல உப்பு எவ்வளவு? டைட்ரேஷன் நிஜமா எதை எண்ணுது?

சோயா சாஸ், ஃபிஷ் சாஸ் மாதிரி புளிக்க வெச்சு செய்யற சாஸ் பத்தி பேச்சு வந்தா கடைசில உப்புல தான் வந்து நிக்கும். ஒருத்தர் ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு "உப்பு ஜாஸ்தி"ம்பாரு. இன்னொருத்தர் லேபிள்ல சோடியம்னு போட்ட நம்பரைக் காட்டி "உப்பு இவ்ளோ தானே இருக்கு"ம்பாரு. மூணாவது ஆள் "லேப்ல டைட்ரேஷன் பண்ணியாச்சு, 17 சதவீதம், இதுக்கு மேல என்ன பேச்சு"ன்னு முடிச்சிடுவாரு. மூணு பேரும் உப்புன்னே சொல்றாங்க, ஆனா மூணு பேரு மனசுலயும் இருக்கிறது வேற வேற சமாச்சாரம்.

லேப்ல அந்த நம்பர் எப்படி வருதுன்னு தெரியாததால தான் இவ்ளோ குழப்பம். கெமிஸ்ட்ரி பத்தாம் கிளாஸோட விட்டவங்களுக்கும் புரியற மாதிரி அடியிலேந்து சொல்லிப் பாக்கறேன், ஃபார்முலா பாத்தாலே பயப்படறவங்களும் தைரியமா படிக்கலாம், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

## நாக்கை ஏன் நம்ப முடியாது

சோயா சாஸ்ல உப்பு பொதுவா 100 மில்லிக்கு 16லேந்து 18 கிராம் வரைக்கும் இருக்கும். ஃபிஷ் சாஸ்ல 20 கிராமைத் தாண்டிடும். ஆனா அதே அளவு உப்பை வெறும் தண்ணில கரைச்சு வாயில வெச்சீங்கன்னா தாங்க முடியாது, சாஸ்ல அது அவ்ளோ உறைக்கறதில்ல. காரணம், புளிக்கும்போது சோயாவுலயும் மீன்லயும் இருக்கிற புரதம் உடைஞ்சு அமினோ அமிலமா மாறுது, அதுல முக்கியமானது குளூட்டமிக் அமிலம், அது தர்ற உமாமி சுவை, கூடவே சர்க்கரை, கொஞ்சம் புளிப்பு, சோயா சாஸ்னா கொஞ்சம் ஆல்கஹால், இவ்வளவும் சேந்து உப்போட கூர்மையை மழுக்கிடுது. அதனால ஒரே உப்பளவு உள்ள ரெண்டு சாஸ்ல ஒண்ணு கரிக்கும், இன்னொண்ணு சாதுவா இருக்கும். நாக்கு சொல்றது பொய் இல்ல, அது சுவையைச் சொல்லுது, உப்போட எடையைச் சொல்லல.

"சரி, மிதக்கவிட்டுப் பாக்கற ஹைட்ரோமீட்டர் இருக்கே"ன்னு சிலர் கேப்பாங்க. திரவம் எவ்ளோ கனமா இருக்குன்னு அது சொல்லும். வெறும் உப்புத்தண்ணிக்கு அது அருமையான கருவி. சாஸ்ல உப்பு மட்டும் கரைஞ்சிருக்கா என்ன, அமினோ அமிலம், சர்க்கரை எல்லாம் சேந்து தான் திரவத்தைக் கனமாக்குது, ஹைட்ரோமீட்டர் அது எல்லாத்தையும் உப்புக் கணக்குல எழுதிடும். திரவத்துல ஒளி எவ்ளோ வளையுதுன்னு பாக்கற ரிஃப்ராக்டோமீட்டரும் இதே தப்பைத் தான் பண்ணும்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இது ரொம்பப் பரவலா இருக்கு. "புளிக்கப் புளிக்க உப்பு குறைஞ்சிடும்"னு. குறையாது. நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாப்பிடும், புரதத்தை உடைக்கும், உப்பைச் சாப்பிடாது. உப்பைத் தாங்கிக்கிற சில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தான் அந்தச் சூழல்ல பிழைக்கும், கெடுக்கிற கூட்டம் உள்ள வர முடியாது, உப்பு போடறதோட வேலையே அதான். உப்பு போதலன்னா சாஸ் புளிக்காம அழுகும், மீன்ல அலர்ஜி மாதிரி தொந்தரவு தர்ற ஹிஸ்டமின் சேர ஆரம்பிக்கும், அதிகமா போட்டா புளிப்பே மந்தமாயிடும். தண்ணி ஆவியாச்சுன்னா சதவீதம் ஏறும், தண்ணி சேத்தா இறங்கும், போட்ட உப்பு எங்கயும் போகாது. அதனால தான் சரியா அளக்கறது இவ்ளோ முக்கியம்.

சுருக்கமா: நாக்கு சுவையைச் சொல்லும், ஹைட்ரோமீட்டர் கனத்தைச் சொல்லும். ரெண்டும் உப்பைத் தனியா பிரிச்சுப் பாக்காது.

## உப்பு தண்ணில விழுந்ததும் என்ன ஆகுது

நாம உப்புன்னு சொல்றது சோடியம் குளோரைடு. கட்டியா இருக்கறப்போ சோடியமும் குளோரைடும் ஒட்டிட்டு இருக்கும். தண்ணில விழுந்ததும் ரெண்டும் பிரிஞ்சு தனித்தனியா நீந்த ஆரம்பிச்சிடும். இப்படி மின்னூட்டத்தோட தனியா அலையற துகளுக்குப் பேர் தான் அயன். சோடியம் அயன் பாசிட்டிவ், குளோரைடு அயன் நெகட்டிவ்.

இத கொஞ்சம் நிறுத்தி மனசுல வாங்கிக்கோங்க, பின்னாடி வர்ற எல்லாமே இதுல தான் தொங்குது. சாஸ் பாட்டிலுக்குள்ள உப்புங்கிற ஒரு பொருளே முழுசா இல்ல. சோடியம் ஒரு கூட்டமாவும் குளோரைடு ஒரு கூட்டமாவும் கலந்து திரியுது. உப்பை அளக்கணும்னா இதுல ஏதாவது ஒரு கூட்டத்தைத் தான் எண்ண முடியும். டைட்ரேஷன் எண்ணறது குளோரைடு கூட்டத்தை.

## நாற்காலி போட்டு ஆள் எண்றது

ஒரு பெரிய இருட்டு ஹால், உள்ள எத்தனை பேர் நிக்கறாங்கன்னு தெரியாது, உள்ள போய் எண்ணவும் முடியாது. ஆனா வாசல் வழியா ஒவ்வொரு நாற்காலியா உள்ள தள்ள முடியும், தள்ளினது எத்தனைன்னு கணக்கு வெச்சுக்க முடியும். உள்ள இருக்கிறவங்க எல்லாருக்கும் கால்வலி, நாற்காலி வந்ததும் ஒருத்தர் உக்காந்திடுவாரு, உக்காந்தவர் எழுந்திரிக்க மாட்டாரு.

இப்ப எல்லாரும் உக்காந்தாச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? அதுக்காக ஒரு தன்னார்வலரை உள்ள விட்டு வெக்கறோம். அவர்கிட்ட சொல்லியாச்சு, "எல்லாருக்கும் இடம் கிடைச்சு ஒரு நாற்காலி மிச்சமா வந்தா மட்டும் நீங்க உக்காருங்க, உக்காந்ததும் சிவப்பு லைட்டைப் போடுங்க". லைட் எரிஞ்சதும் நாற்காலி தள்றதை நிறுத்திடறோம். எத்தனை நாற்காலி உள்ள போச்சோ அத்தனை பேர் உள்ள இருக்காங்க. ஒரு ஆளைக் கூட நேர்ல பாக்கல, ஆனா எண்ணிக்கை கைல வந்தாச்சு.

டைட்ரேஷன்ங்கிறது இது தான். ஸ்கூல் புக்ல தரம்பார்த்தல்னு படிச்சிருப்பீங்க. தெரிஞ்ச செறிவுள்ள ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு, தெரியாத ஒண்ணு முழுசா தீர்ற இடம் வரைக்கும் எவ்ளோ செலவாச்சுன்னு பாத்து, அதுலேந்து தெரியாததைக் கணக்குப் போடற முறை.

## நாற்காலி யாரு, தன்னார்வலர் யாரு

நாற்காலி, வெள்ளி. சில்வர் நைட்ரேட்ங்கிற வெள்ளி உப்பைத் தண்ணில கரைச்சா வெள்ளி அயன் கிடைக்கும். வெள்ளி அயனும் குளோரைடு அயனும் சந்திச்சா ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி சேந்து சில்வர் குளோரைடுங்கிற வெள்ளைப் பொடியா கீழ இறங்கிடும். கரைசல்லேந்து இப்படி திடப்பொருளா வெளிய வர்றதுக்குப் பேர் வீழ்படிவு.

இந்த ஜோடி எவ்ளோ உறுதின்னா, ஒரு லிட்டர் தண்ணில சாதா உப்பு கிட்டத்தட்ட 360 கிராம் கரையும், சில்வர் குளோரைடு கரையறது ஏறக்குறைய 2 மில்லிகிராம் தான். உக்காந்தவங்க எழுந்திரிக்க மாட்டாங்கன்னு சொன்னது இதைத் தான். திரும்ப கரைஞ்சு போற மாதிரி இருந்தா எண்ணிக்கையே நம்ப முடியாம போயிடும்.

தன்னார்வலர், பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் நிறக் கரைசல். முடிவு வந்தாச்சுன்னு நிறத்தால காட்டிக் குடுக்கிற பொருளுக்கு இண்டிகேட்டர்னு பேர். குரோமேட்டும் வெள்ளியோட சேரும், சேந்தா செங்கல் மாதிரி செம்பழுப்பு நிறம் வரும், ஆனா குளோரைடு இருக்கிற வரைக்கும் வெள்ளி அதோட தான் போகும், குளோரைடு தீர்ந்த பிறகு தான் குரோமேட்டுக்கு வாய்ப்பே கிடைக்கும். மஞ்சளா இருந்த கரைசல் லேசா சிவக்கற அந்த இடம் தான் எண்ட் பாயிண்ட். இந்த முறையைக் கொண்டு வந்தவர் ஜெர்மனியைச் சேந்த கார்ல் ஃப்ரீட்ரிக் மோஹ்ர், 1856-ல. இன்னிக்கும் மோஹ்ர் முறைன்னு அவர் பேர்ல தான் சொல்றாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், இதோட ஆரம்பமே தலைகீழா தான் நடந்துச்சு. 1832-ல பிரான்ஸ்ல கே-லுசாக்ங்கிற விஞ்ஞானி இதே வேதிவினையை வெச்சு அளந்தது உப்பை இல்ல, வெள்ளியை. நாணயத்துக்குப் போற வெள்ளி எவ்ளோ சுத்தம்னு பாக்க, வெள்ளியைக் கரைச்சு, அளவு தெரிஞ்ச உப்புக் கரைசலை விட்டுட்டே வந்து, இனிமே புதுசா வெள்ளை மேகம் வரலைன்னதும் நிறுத்தினாரு. இண்டிகேட்டர்லாம் கிடையாது, கண்ணு தான். அங்க உப்பு நாற்காலி, வெள்ளி ஆளுங்க. எதோட அளவு தெரியுதோ அதை வெச்சுத் தெரியாததை அளக்கலாம், எந்தப் பக்கம் நின்னாலும் கணக்கு ஒண்ணு தான்.

இதுவரைக்கும் பாத்தது: சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டா போகும், குளோரைடு எல்லாம் வெள்ளையா இறங்கும், தீர்ந்ததும் குரோமேட் சிவக்கும், அப்ப நிறுத்தணும்.

## பெஞ்ச்ல நிஜமா நடக்கறது

சாஸை அப்படியே எடுத்து டைட்ரேட் பண்றதில்ல. உப்பு அவ்ளோ அதிகம், நிறமும் அடர்த்தி. முதல்ல பாட்டிலை நல்லா குலுக்கணும், அடியில உப்புப் படிகம் தங்கியிருந்தா, முக்கியமா ஃபிஷ் சாஸ்ல, அதுவும் கணக்குல வரணுமா வேணாமான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கணும். அப்புறம் 5 மில்லி சாஸ் எடுத்து 250 மில்லி ஃப்ளாஸ்க்ல விட்டு கோடு வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தறோம். குழாய்த் தண்ணி கூடாது, அதுல ஏற்கனவே குளோரைடு இருக்கும், ஹாலுக்குள்ள அழைக்காத ஆளை நாமளே அனுப்பின மாதிரி ஆயிடும்.

அந்த 250-ல 25 மில்லி பிப்பெட்ல எடுத்து கானிக்கல் ஃப்ளாஸ்க்ல விட்டா, அதுல நிஜமா இருக்கிற சாஸ் அரை மில்லி தான். இதுல புளிப்பு இருக்கும், அதைச் சரிக்கட்ட ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட், அப்புறம் 1 மில்லி குரோமேட். மேல ப்யூரெட்ல 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் (மோலார்ங்கிறது செறிவோட அளவு, கணக்குல சொல்றேன்). ப்யூரெட்ங்கிறது கீழ திருகு வெச்ச, கோடு போட்ட நீளக் குழாய், எவ்ளோ இறங்குச்சுன்னு அதுலயே படிச்சுக்கலாம்.

திறந்ததும் ஒவ்வொரு சொட்டும் விழற இடத்துல ஒரு நொடி சிவப்பா தெரியும், குலுக்கினதும் மறைஞ்சிடும், தன்னார்வலர் அவசரப்பட்டு உக்காந்து, உண்மையான ஆள் வந்ததும் எழுந்து இடம் விடற மாதிரி. போகப் போக அந்தச் சிவப்பு மறைய நேரம் எடுக்கும். இங்க தான் நிதானம் வேணும், ஒரு சொட்டு, குலுக்கு, பாரு, இன்னொரு சொட்டு. குலுக்கியும் அரை நிமிஷம் மங்கல் செம்பழுப்பு நின்னா போதும், ரத்தச் சிவப்பு வர்ற வரைக்கும் காத்திருந்தா எல்லை தாண்டியாச்சு. முதல் தடவை பண்றவங்க பெரும்பாலும் இதுல தான் தவறுவாங்க, பக்கத்துல ஒரு சொட்டு கூட விடாத ஃப்ளாஸ்க்கை வெச்சு நிறத்தை ஒப்பிட்டுட்டே பண்ணா கண்ணு சீக்கிரம் பழகிடும்.

கடைசியா பிளாங்க். சாஸே இல்லாம, மத்த எல்லாம் அதே மாதிரி வெச்சு ஒரு தடவை டைட்ரேட் பண்றது தான் பிளாங்க். கண்ணுக்குச் சிவப்பு தெரியறதுக்கே கொஞ்சம் வெள்ளி செலவாகும்ல, அந்தச் செலவைக் கழிக்கறதுக்கு.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. சில்வர் நைட்ரேட் தோல்ல பட்டா கருப்பா கறை பிடிக்கும், நாள் கணக்குல போகாது. குரோமேட் அதை விட மோசம், புற்றுநோய் வரவழைக்கக் கூடியது, சிங்க்ல கொட்டவே கூடாது, தனி பாட்டில்ல சேத்து முறையா அழிக்கக் குடுக்கணும். இது வீட்டு மேஜைல விளையாடிப் பாக்கற சமாச்சாரம் கிடையாது.

## கணக்கு, ஒரே ஒரு தடவை

வேதியியல்ல அயனை ஒண்ணு ரெண்டுன்னு எண்ண முடியாது, அதனால மோல்னு ஒரு கட்டு வெச்சிருக்காங்க. டஜன்னா 12 மாதிரி, மோல்னா ஒரு பிரம்மாண்டமான எண்ணிக்கை, தோராயமா 6 போட்டு பின்னாடி 23 சைபர். ஒரு மோல் சோடியம் குளோரைடு 58.44 கிராம். 0.1 மோலார்னா ஒரு லிட்டர்ல 0.1 மோல் இருக்குன்னு அர்த்தம். அப்ப 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 1 மில்லி, 5.844 மில்லிகிராம் உப்புக்குச் சமம். மனசுல வெச்சுக்க வேண்டிய ஒரே நம்பர் இது தான்.

ப்யூரெட் ரீடிங் 14.6 மில்லின்னு வெச்சுக்குவோம். பிளாங்க் 0.1. கழிச்சா 14.5. இதை 5.844-ஆல பெருக்கினா 84.7 மில்லிகிராம். இது அரை மில்லி சாஸ்ல இருந்த உப்பு. ஒரு மில்லிக்கு ரெண்டு மடங்கு, 169.5 மில்லிகிராம். 100 மில்லிக்கு 16.95 கிராம். முடிஞ்சுது.

இப்ப தப்பு எங்க வரும்னு பாருங்க, எல்லாரும் ப்யூரெட்டையே முறைச்சுப் பாத்துட்டிருப்போம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி, ஒரு சொட்டு அதிகமா போனா விடைல வர்ற மாற்றம் 0.06 தான். ஆனா ஆரம்பத்துல சாஸ் எடுத்தோமே 5 மில்லி, சாஸ் கொழகொழன்னு பிப்பெட் சுவத்துல ஒட்டிக்கும், 0.1 மில்லி உள்ளயே தங்கிட்டா 2 சதவீதம் போச்சு, விடைல 0.34 குறையும். அஞ்சு சொட்டு தப்பை விட இது பெருசு! அதனால சாஸை அளந்து ஊத்தறதை விட தராசுல எடை போட்டு எடுக்கறது தான் என் சிபாரிசு. அதே மாதிரி 0.1 மோலார்னு லேபிள் ஒட்டின சில்வர் நைட்ரேட் நிஜத்துல 0.097 ஆ இருந்தா, 16.95 இருக்கிற சாஸ் கிட்டத்தட்ட 17.5ன்னு காட்டும். வெளிச்சம் பட்டாலே கெடற சரக்கு அது, பழுப்பு பாட்டில்ல இருட்டுல வெக்கணும், அப்பப்ப நல்லா உலர்த்தின சுத்தமான சோடியம் குளோரைடை எடை போட்டுக் கரைச்சு அதுக்கு எதிரா டைட்ரேட் பண்ணி உண்மையான செறிவைச் சரிபாத்துக்கணும். இதுக்கு ஸ்டாண்டர்டைஸ் பண்றதுன்னு பேர்.

## சாஸ் ஏன் அடம் பிடிக்குது

உப்புத்தண்ணில இந்த முறை கத்தி மாதிரி வேலை செய்யும். சாஸ்ல ரெண்டு மூணு இடைஞ்சல் இருக்கு.

ஒண்ணு புளிப்பு. மோஹ்ர் முறைக்கு பிஹெச், அதாவது புளிப்பு ஏறினா இறங்கற அளவு, 6.5லேந்து 9-க்குள்ள இருக்கணும். சோயா சாஸ் பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். அமிலத்துல குரோமேட் டைக்குரோமேட்டா மாறிடும், வெள்ளியைப் பிடிக்கிற தெம்பு குறைஞ்சிடும், சிவப்பு லேட்டா வரும், உப்பு அதிகம்னு தப்பா எழுதுவோம். காரத்தன்மை ஜாஸ்தியானா வெள்ளி ஆக்சைடா பழுப்பு நிறத்துல இறங்க ஆரம்பிச்சிடும், அப்பவும் கணக்கு கெடும். அதுக்குத் தான் முன்னாடி சொன்ன கால்சியம் கார்பனேட்.

இன்னொண்ணு நிறம். செம்பழுப்புக் கரைசல்ல செம்பழுப்பு வருதான்னு தேடறது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. நாம பண்ண மாதிரி அம்பது மடங்கு நீர்த்துப் போனா பரவால்ல, ரொம்ப அடர்த்தியான சாஸ்னா அதுவும் பத்தாது. போதாக்குறைக்கு சில அமினோ அமிலமும், சல்ஃபைடு இருந்தா அதுவும், வெள்ளியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கும்.

இதுக்கு வழி சொன்னவர் வோல்ஹார்ட்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி, 1874-ல. அவர் முறைல சாஸை நைட்ரிக் அமிலத்தோட கொதிக்க வெச்சு இடைஞ்சல் பண்ற பொருட்களை முதல்ல ஒழிக்கறாங்க. ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லன்னு கேட்டா, பேர்லயே குளோரிக்னு இருக்கே, நாம எண்ண வந்த ஆளையே கூட்டமா உள்ள அனுப்பிட்டு என்ன எண்றது! அப்புறம் நாற்காலியை ஒண்ணொண்ணா தள்ளாம, மிச்சம் வரும்னு தெரிஞ்சே ஒரே அடியா அளந்து கொட்டிடறாங்க, உதாரணமா 25 மில்லி. எல்லாரும் உக்காந்த பிறகு காலியா கிடக்கிறது எத்தனைன்னு எண்ணிக் கழிச்சா போதும். காலி 10.5 மில்லின்னா ஆளுங்க 14.5. இப்படி மிச்சத்தை அளந்து கழிக்கறதுக்குப் பேக் டைட்ரேஷன்னு பேர்.

மிச்ச வெள்ளியை எண்ணறதுக்குத் தயோசயனேட்டுனு ஒண்ணை விடுவாங்க, வெள்ளி தீர்ந்ததும் அது இரும்பு உப்போட சேந்து சிவக்கும். இங்க ஒரு சிக்கல், தயோசயனேட்டு குளோரைடை விட பலசாலி, சும்மா விட்டா உக்காந்திருக்கிற குளோரைடையே எழுப்பிவிட்டு நாற்காலியைப் பிடுங்கிக்கும். காலி நாற்காலி நிறைய இருந்த மாதிரி தெரியும், உப்பு குறைவுன்னு விடை வரும். அதனால வெள்ளை வீழ்படிவை முதல்லயே வடிகட்டி எடுத்துடுவாங்க, இல்லன்னா நைட்ரோபென்சீன் மாதிரி ஒண்ணை ஊத்தி அது மேல ஒரு படலம் போட்டு மூடிடுவாங்க. நைட்ரோபென்சீன் விஷம், வடிகட்டறதே மேல்னு நான் சொல்வேன்.

இப்ப நிறைய லேப்ல இந்த நிறம் பாக்கற வேலையே இல்ல. கரைசல்ல ஒரு வெள்ளி எலக்ட்ரோடை முக்கி வெச்சா, குளோரைடு தீர்ற இடத்துல வோல்டேஜ் திடீர்னு எகிறும், மெஷினே அதைப் பிடிச்சு ரீடிங் எடுத்துக்கும். சாஸ் எவ்ளோ கருப்பா இருந்தாலும் கவலை இல்ல. உள்ள நடக்கிறது அதே நாற்காலி விளையாட்டு தான், லைட்டுக்குப் பதிலா மீட்டர்.

இந்தப் பகுதில வெச்சுக்க வேண்டியது: வெளிர் நிறச் சாம்பிள்னா மோஹ்ர், அடர்த்தின்னா வோல்ஹார்ட் இல்ல எலக்ட்ரோடு. மூணும் எண்ணறது குளோரைடைத் தான்.

## நாற்காலி கேக்காத கேள்வி

நாற்காலிக்கு உக்கார்றவர் யாரோட வந்தாருன்னு தெரியாது. குளோரைடு சோடியத்தோட வந்ததா, பொட்டாசியத்தோட வந்ததா, வெள்ளி அயன் கேக்காது, வந்த எல்லாரையும் உக்கார வெக்கும். கொஞ்சம் புரோமைடு இருந்தா அதையும் சேத்து எண்ணிடும். நாம தான் விடையை 58.44-ஆல பெருக்கி, எல்லா குளோரைடும் சோடியத்தோட தான் வந்ததுன்னு வெச்சுக்கிட்டு "உப்பு"ன்னு எழுதறோம்.

சாதாரண சோயா சாஸுக்கும் ஃபிஷ் சாஸுக்கும் இது கிட்டத்தட்ட சரி தான், உள்ள போட்டதே உப்பு. பிரச்சினை "சோடியம் குறைச்சது"ன்னு வர்ற சாஸ்ல. அதுல சிலது பாதி உப்பை எடுத்துட்டு பொட்டாசியம் குளோரைடு போட்டிருக்கும். 100 மில்லில 10 கிராம் சோடியம் குளோரைடும் 5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் இருக்கிற ஒரு சாஸை எடுத்துக்கோங்க. டைட்ரேஷன் அதை 13.9 கிராம் உப்புன்னு சொல்லும். அதுலேந்து சோடியம் கணக்குப் போட்டா 5.5 கிராம் வரும். உண்மைல இருக்கிற சோடியம் 3.9 கிராம் தான். "லேபிள் ஒண்ணு சொல்லுது, லேப் ஒண்ணு சொல்லுது, யாரோ ஏமாத்தறாங்க"ன்னு சண்டை கிளம்பறது இங்கேந்து தான், ரெண்டு பேரும் உண்மையைத் தான் சொல்லியிருப்பாங்க.

எதிர்ப்பக்கமும் இருக்கு. மோனோசோடியம் குளூட்டமேட் சேத்திருந்தா அதோட எடைல சுமார் 12 சதவீதம் சோடியம், ஆனா குளோரைடு துளி கூட இல்ல. டைட்ரேஷனுக்கு அது கண்ணுலயே படாது. ரத்த அழுத்தத்துக்காகச் சோடியத்தைக் கவனிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல, அவங்களுக்கு வேண்டியது ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் மாதிரி சோடியத்தையே நேரா பாக்கற கருவியோட ரிப்போர்ட்.

சோடியத்துக்கும் உப்புக்கும் இருக்கிற உறவு எளிமையானது, உப்போட எடைல 39 சதவீதம் தான் சோடியம், மீதி குளோரைடு. சோடியம் 1 கிராம்னா உப்பு சுமார் 2.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் கீழ சோடியம்னு சொல்றதும், 5 கிராமுக்குக் கீழ உப்புன்னு சொல்றதும் ஒரே அளவைத் தான். ஆரம்பத்துல லேபிளைக் காட்டினாரே ரெண்டாவது ஆள், அவர் சோடியம் நம்பரை உப்புன்னு படிச்சாரு, அதான் பாதிக்கும் கீழ தெரிஞ்சுது.

## சதவீதம்னா எதுல சதவீதம்

ரிப்போர்ட்ல 17 சதவீதம்னு இருந்தா உடனே கேக்க வேண்டியது, 100 மில்லிக்கா 100 கிராமுக்கா. சாஸ் தண்ணியை விட கனம். நம்ம உதாரண சாஸ் ஒரு மில்லி 1.18 கிராம்னு வெச்சா, 100 மில்லிக்கு 16.95 கிராம்ங்கிறது 100 கிராமுக்கு 14.4 கிராம் ஆயிடும். ஒரே சாஸ், ஒரே டைட்ரேஷன், ரெண்டு நம்பர்.

இது எங்க கடிக்கும்னா, ஃபிஷ் சாஸுக்கு 2011-ல வந்த கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தரநிலை உப்பு லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லுது, அதுவும் சோடியம் குளோரைடா கணக்கிட்டு. அதாவது 100 மில்லிக்கு 20 கிராம். ஒருத்தர் கைல இருக்கிற ரிப்போர்ட்ல 17 சதவீதம்னு இருக்கு, பாத்ததும் "இது தேறல"ன்னு ஒதுக்கிடுவாரு. அந்த 17 எடைக்கு எடை சொன்னதா இருந்து, சாஸோட அடர்த்தி 1.2 ஆ இருந்தா, 17-ஐ 1.2-ஆல பெருக்கணும், 100 மில்லிக்கு 20.4 கிராம், லிட்டருக்கு 204. அந்த சாஸ் தேறிடுச்சு.